லோக்கல் ஆதாருக்கு ரூம் இல்லை

"லோக்கல் ஆதாருக்கு ரூம் இல்ல மேடம்."

கவுண்டரில் இருந்த பெண் இதைச் சொன்னபோது ரொம்ப அழகாகச் சிரித்தாள். கறுப்புக் கோட்டு, கழுத்தில் பெயர் அட்டை, விஜயவாடா பக்கத்துத் தெலுங்கு. திருப்பதிக்கு வேலைக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகியிருக்கும். அவள் தெலுங்கில் சொன்னதை உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

என் பக்கத்தில் என் வீட்டுக்காரர் மூர்த்தி நின்றிருந்தார். இடுப்பில் மடித்துக் கட்டிய வேட்டி. அதற்கு மேலே உச்சந்தலை வரைக்கும் குங்குமம். மார்பு, முதுகு, முகம், காது மடல் எல்லாம் ஒரே சிவப்பு. தலையில் வேப்பிலை வளையம், கையில் வேப்பங்கொத்து. மூக்கின் மேல் மட்டும் கண்ணாடி. அது இல்லாவிட்டால் எதிரில் வருவது பஸ்ஸா ஆளா என்று அவருக்குத் தெரியாது.

அந்தப் பெண் ஆதாரில் இருந்த போட்டோவைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடியும் போட்டோவைப் பார்த்தாள்.

"நான்தாம்மா அது" என்றார் இவர் பணிவாக.

வெள்ளைத் தரையில் இவர் நடந்து வந்த வழியெல்லாம் சிவப்புப் பாதம் பதிந்திருந்தது. சோபாவில் உட்கார்ந்திருந்த பக்தர்கள், மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அட்டையைத் திருப்பி முகவரியைப் படித்தாள் அந்தப் பெண். கதவு எண்ணைப் படித்ததும் நிறுத்தினாள். தலையைத் திருப்பி, பின்னால் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த லைசென்ஸைப் பார்த்தாள்.

"மேடம், இது எங்க லாட்ஜோட அட்ரஸ்."

"ஆமாம்மா. எங்க வூட்டு அட்ரஸும் அதான்" என்றேன்.

லக்கேஜோடு வந்த விருந்தாளிகள்

போன வாரம் லாரியில் சாமான் ஏற்றிய கதையோடு நிறுத்தியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "அம்மா, அந்த வீட்டை மறுபடி போய்ப் பார்த்தீர்களா?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். பார்த்தேன் தாயே. அந்த லட்சணத்தைத்தான் மேலே சொன்னேன்.

புதிதாகப் படிக்கிறவர்களுக்காகச் சுருக்கமாக: கோவிந்தராஜ சுவாமி கோயிலை ஒட்டிய ஒரு சந்தில், ஒரு காம்பவுண்டுக்குள் வரிசையாகப் போர்ஷன்கள். கடைசிப் போர்ஷனில் நாங்கள் வாடகைக்கு இருந்தோம். நான் நகரியில் பிறந்தவள். கல்யாணமாகி அந்தப் போர்ஷனுக்குத்தான் வந்தேன். என் பெண்ணைப் பெற்றது, வளர்த்தது, கட்டிக்கொடுத்தது எல்லாம் அங்கேதான். மூர்த்திக்கு ரயில்வே ஸ்டேஷன் எதிரே சாமி படக் கடையில் வேலை. பக்தர்கள் வராவிட்டால் எங்களுக்குச் சோறு கிடையாது. ஆகவே லாட்ஜ்காரர்களை நான் ஒரேயடியாகத் திட்டினால் சாமி கண்ணைக் குத்தும்.

இருந்தாலும் கொஞ்சம் திட்டுவேன்.

முதலில் தெருமுனையில் ஒரு வீடு லாட்ஜ் ஆனது. அப்புறம் எதிர் வீடு. அப்புறம் இட்லிக்காரம்மா வண்டி போடும் இடத்தில் ஜெனரேட்டர் வந்தது. காலையில் சாம்பார் வாசனை வந்த சந்தில் பினாயில் வாசனை வந்தது. கடைசியில் தெருவில் வீடு என்று இருந்தது எங்கள் காம்பவுண்டு ஒன்றுதான்.

அதனால் என்ன ஆச்சு தெரியுமா? எங்களையும் லாட்ஜ் என்றே நினைத்துவிட்டார்கள். ஒருநாள் மத்தியானம் நான் கொல்லைப்பக்கம் துணி உலர்த்திவிட்டு உள்ளே வருகிறேன். ஹாலில் ஒரு குடும்பமே உட்கார்ந்திருக்கிறது. பெல்லாரிப் பக்கத்து ஆட்கள். பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு, ஃபேனைப் போட்டுக்கொண்டு, காலை நீட்டிவிட்டார். அவர் சம்சாரம் என்னைப் பார்த்து, "வெந்நீர் எத்தனை மணிக்கு வரும்?" என்று கேட்டாள்.

எனக்குக் கோபம் வந்த வேகத்துக்கு ஒரு ஆட்டம் ஆடியிருப்பேன். அதற்குள் மூர்த்தி சாப்பாட்டுக்கு வந்தவர், அவர்களிடம் விஷயத்தைச் சொல்வதற்குப் பதிலாக, வெந்நீர் போடச் சொன்னார். அவர் அப்படி. யார்மேலும் ஒரு சுடுசொல் வராது. கடைசியில் அவர்கள் குளித்து, டீ குடித்து, எனக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்துவிட்டுத்தான் மலைக்குப் போனார்கள்.

லட்டு கொடுத்துக் காலி செய்தவர்

காம்பவுண்டு ஓனரம்மா போனதும் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பெங்களூரில் இருக்கிறவர்களுக்கு இந்தச் சந்தில் என்ன இருக்கிறது?

வாங்கியவர் ஹைதராபாத்காரர். நாங்கள் அவர் முகத்தைப் பார்த்ததே இல்லை. அவர் சார்பில் வந்தவர் சுதாகர். இதே ஊரில் இரண்டு சந்து தள்ளிப் பிறந்து வளர்ந்தவர். ஒவ்வொரு போர்ஷனுக்கும் லட்டு எடுத்துக்கொண்டு வந்து, "அக்கா, அண்ணா, அவசரமே இல்ல. மெதுவா பாத்துக்குங்க" என்றார். அதே வாயால் ஒரு தேதியும் சொன்னார். நாங்கள் லட்டைச் சாப்பிட்டுவிட்டோம். அப்புறம் எந்த முகத்தோடு சண்டை போடுவது?

பக்கத்துப் போர்ஷன் ராணியக்கா மட்டும் லட்டைத் தொடவில்லை. "துன்னா ஒத்துக்கினோம்னு அர்த்தம்டி" என்றாள். அவளும் காலி செய்யத்தான் வேண்டியிருந்தது. சந்திரகிரிப் பக்கம் தங்கை வீட்டோடு போனாள். வேடிக்கையைக் கேளுங்கள், ஏழெட்டு மாதத்தில் லாட்ஜ் கட்டி முடிந்ததும் அங்கேயே ரூம் சுத்தம் செய்யும் வேலையில் சேர்ந்துவிட்டாள். காலை பஸ்ஸில் வருவாள், சாயங்காலம் போவாள். பெயிண்ட் அடித்த ரூம் நம்பர் எதுவும் அவள் வாயில் வராது, பழைய போர்ஷன்களை வைத்துத்தான் இடம் சொல்வாள். "டெய்லரு போர்ஷன் மேல ரெண்டாவது ரூம்ல குழா ஒழுகுது" என்பாள். அங்கே மேனேஜராகிவிட்ட சுதாகருக்கு மட்டும் அது புரியும்.

நாங்கள் ரேணிகுண்டா ரோட்டில், ஏர்போர்ட்டுக்குப் போகிற வழியில் உள்ளே தள்ளி ஒரு ஃபிளாட்டுக்குப் போனோம். பொய் சொல்ல மாட்டேன், வீடு நன்றாகத்தான் இருந்தது. லிஃப்ட் உண்டு. பால்கனியில் நின்றால் காற்று பிய்த்துக்கொண்டு போகும். தண்ணீருக்குச் சண்டை இல்லை. நான் ஒரே மாதத்தில் அந்த வீட்டோடு சமாதானமாகிவிட்டேன். மூர்த்திதான் ஆகவில்லை.

திட்டத் தெரியாத மனுஷன்

இந்த இடத்தில் கங்கம்மா ஜாத்திரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர்கள் இரண்டு பாராவைத் தாண்டிப் போய்விடுங்கள்.

கோடையில் வரும் ஜாத்திரை. கங்கம்மா என்றால் மலைமேல் இருக்கும் பெருமாளுக்குத் தங்கை என்று இங்கே முறை. முதலில் ஊர் சாற்றுவார்கள். சாட்டிம்பு என்போம். தமிழ்நாட்டில் காப்புக் கட்டுவது மாதிரி. சாட்டிம்பு ஆகிவிட்டால் ஜாத்திரை முடிகிற வரை ஊர்க்காரர்கள் ஊர் எல்லையைத் தாண்டி ராத்திரி தங்கக் கூடாது. பகலில் எங்கே வேண்டுமானாலும் போகலாம், ராத்திரி ஊருக்குள்தான் படுக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் ஒரு வேஷம். ஒருநாள் ஆண்களெல்லாம் புடவை கட்டி, பூ வைத்து, பெண்களாகப் போவார்கள். ஒருநாள் உடம்பெல்லாம் குங்குமம் பூசி, வேப்பிலை கட்டி, பண்ட வேஷம். அந்த வேஷக்காரர் எதிரில் வருகிற யாரையும் வாய்க்கு வந்தபடி திட்டலாம். கலெக்டராக இருந்தாலும் சரி, கந்துவட்டிக்காரராக இருந்தாலும் சரி, திட்டு வாங்குகிறவர் பதில் பேசக் கூடாது. கை கூப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். அம்மாவே திட்டியதாகக் கணக்கு. பீடை விட்டது என்று சந்தோஷப்படுவார்கள்.

எங்கள் பெண்ணுக்குச் சின்ன வயதில் அம்மை போட்டுக் கண் திறக்காமல் கிடந்தபோது மூர்த்தி வேண்டிக்கொண்டார். காலில் பலம் இருக்கிற வரைக்கும் வருஷா வருஷம் பண்ட வேஷம் போடுகிறேன், சாட்டிம்பு ஆனபின் எல்லை தாண்டிப் படுக்க மாட்டேன் என்று. பெண் பிழைத்தாள். இவரும் ஒரு வருஷம் தவறவில்லை.

ஆனால் திட்ட வேண்டுமே! அதுதான் வரவில்லை. காம்பவுண்டில் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். இவர் வேப்பங்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்து, தொண்டையைச் செருமி, "ஏய்... சோம்பேறி!" என்பார். அடுத்த ஆளிடம், "நீயும் சோம்பேறிதான்" என்பார். அவ்வளவுதான்.

"இன்னா தம்பி, இதுக்கா காலைலேர்ந்து குளிச்சிட்டு நிக்கறேன்?" என்று ராணியக்கா சலித்துக்கொள்வாள். அவளே நாலு வார்த்தை சொல்லிக்கொடுப்பாள். அதைக் கேட்டு இவர் காதைப் பொத்திக்கொள்வார். அந்த நாலு வார்த்தையை இந்தப் பத்திரிகை அச்சடிக்காது.

இதயம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது

வீடு மாறிய பிறகு வந்த முதல் ஜாத்திரை அது. சாட்டிம்புக்குச் சில நாள் முன்பிருந்தே மூர்த்திக்குச் சோறு இறங்கவில்லை.

"நாம இப்ப ஊர்க்குள்ள இருக்கறமா, வெளிய இருக்கறமா?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஃபிளாட் வாட்ச்மேன், இது வேறே பஞ்சாயத்து என்றார். ஆட்டோக்காரர், ஏர்போர்ட் வரைக்கும் எல்லாமே திருப்பதிதான் என்றார். அந்த ஃபிளாட்டுகளைக் கட்டி விற்றவர்கள் அச்சடித்த நோட்டீஸை நான் தேடி எடுத்துக் காட்டினேன். 'திருப்பதியின் இதயத்தில்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இதயம் இவ்ளோ தூரம் தள்ளியா இருக்கும்?" என்றார்.

"வெளியன்னா நல்லதுதானே. எல்லக்கி வெளிய இருக்கறவங்களுக்குச் சட்டம் கெடையாது. வேஷமும் வேணாம், ஒண்ணும் வேணாம். நிம்மதியா தூங்குங்க" என்றேன்.

அவர் நோட்டீஸை மடித்து என் கையில் கொடுத்தார். "பொண்ணுக்கு இது மாசம் வசந்தா" என்றார்.

பெங்களூரில் எங்கள் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். தேதி நெருங்கிவிட்டது. எந்தக் குழந்தைக்காக வேண்டிக்கொண்டாரோ அவளே பிள்ளை பெறப் போகிற நேரத்தில் இவர் வாக்கு தவறுவதா? எனக்கு இதிலெல்லாம் பாதி நம்பிக்கைதான். ஆனால் அந்த மாதத்தில் பாதி நம்பிக்கை முழு நம்பிக்கையாகிவிட்டது. பயம் வந்தால் அப்படித்தான்.

சாட்டிம்பு ராத்திரியும் மறுநாளும் கடையில் கூட வேலை செய்கிறவர் வீட்டு ஹாலில் படுத்தோம். பண்ட வேஷத்தன்று காலையில் அவர் மச்சான் குடும்பம் நெல்லூரிலிருந்து வந்து இறங்கிவிட்டது. ஹாலில் கால் வைக்க இடமில்லை. நாங்களே கிளம்பிவிட்டோம்.

"ஸ்டேஷன்ல படுத்துக்கலாம், எவ்ளோ ஜனம் படுத்துகினு இருக்குது" என்றேன்.

"ஸ்டேஷன்ல படுக்கறவன் யாத்ரீகன். நான் ஊர்க்காரன்" என்றார்.

வீம்பைப் பாருங்கள்! சரி, காசு போனால் போகிறது என்று சாயங்காலம் இரண்டு லாட்ஜில் ஏறி இறங்கினோம். இரண்டிலும் அதே பதில். உள்ளூர் ஆட்கள் ரூம் எடுத்தால் சீட்டாட்டம், குடி, போலீஸ், எதற்கு வம்பு என்று எல்லா லாட்ஜிலும் இதே சட்டம். எத்தனையோ பக்தர்களுக்கு நானே வழி காட்டியிருக்கிறேன். இது எனக்குத் தெரியாது. சொந்த ஊரில் யார் ரூம் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள்?

ராணியக்காவுக்குப் போன் போட்டேன். "நம்ம வூட்டுக்கு வாடி, சுதாகரு இருக்கறாரு, பாத்துக்கலாம்" என்றாள். நம்ம வீடு என்று அவள் சொன்னது இந்த லாட்ஜைத்தான்.

நீங்க இப்போ அவுட்சைடுதானே

கவுண்டர் பெண் போன் செய்ததும் உள்ளேயிருந்து சுதாகர் வந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. குசலம் விசாரித்தார். பெண் எப்படி, ஃபிளாட் எப்படி, காற்று வருகிறதா. விஷயத்தைச் சொன்னோம்.

"அய்யோ அண்ணா, நா சேதில லேது" என்று கையை விரித்தார். தன் கையில் இல்லையாம். "ஓனரு ஹைதராபாத்ல குந்திகினு போன்லயே எல்லாத்தயும் பாக்கறாரு. லோக்கல் பின்கோடு போட்டா கம்ப்யூட்டரே எடுக்காது."

அப்புறம் அவருக்கே ஒரு யோசனை தோன்றியது. "அக்கா, புது வீட்டு ரெண்ட் அக்ரிமெண்ட் இருக்குதா? அந்த அட்ரஸ போட்டுக்கலாம். அப்போ நீங்க வெளியூரு."

இருந்தது! கேஸ் கனெக்‌ஷன் மாற்றுவதற்காக என் பையிலேயே ஒரு நகல் வைத்திருந்தேன். அப்பாடா என்று பைக்குள் கையை விட்டேன்.

"எடுக்காத" என்றார் மூர்த்தி.

"என்னங்க..."

"வெளியூர்னு எழுதிக் குடுத்துட்டு உள்ளூர்ல படுத்தா அது இன்னா வாக்கு? யார ஏமாத்தறது?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கால் வலி, பசி, வெயிலில் அலைந்த அசதி. ஒரு தாளை நீட்டினால் ஏசி ரூம். இந்த மனுஷன் அம்மாவுக்கு அட்ரஸ் புரூஃப் கொடுத்துக்கொண்டு நிற்கிறார்!

சுதாகர் நல்லவர்தான். சமாதானமாகத்தான் சொன்னார். ஆனால் அந்த நேரத்தில் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம்.

"இதுல இன்னா அண்ணா இருக்குது? நீங்க இப்போ அவுட்சைடுதானே?"

மூர்த்தி கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். வேப்பங்கொத்தை வலது கைக்கு மாற்றினார்.

"டேய்!" என்றார்.

அந்தக் குரலை நான் கல்யாணமான நாளிலிருந்து கேட்டதில்லை. மாடியிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"டேய், லட்டு குடுத்து வூட்ட புடுங்கனவனே! எம் பொண்டாட்டி அடுப்பு மேல லிஃப்ட் வெச்சவனே! எம் பொண்ணு நடை பழகன எடத்துல மீன் தொட்டி வெச்சவனே! காத்து வர்ற ஜன்னல அடைச்சிட்டு ஏசி மாட்டி வாடகக்கி உடறவனே! நானாடா அவுட்சைடு? உங்க நைனா எங்க காம்பவுண்டு கெணத்துல தண்ணி சேந்திகினு போனவருடா! ஊர் பேர போர்டுல எழுதி வெச்சிகினு ஊர்க்காரன தெருவுல நிறுத்தறியேடா!"

நடுநடுவே ராணியக்கா சொல்லிக்கொடுத்த நாலு வார்த்தையும் வந்தது. ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. இத்தனை வருஷம் எங்கே வைத்திருந்தாரோ!

கவுண்டர் பெண் பயந்துபோய் போலீசுக்குப் போன் போட ரிசீவரை எடுத்துவிட்டாள். சுதாகர் அவளைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். மூர்த்தியின் எதிரில் கை கூப்பி, தலை குனிந்து நின்றார். மனுஷன் கண்ணில் தண்ணீர். பயத்திலா, பக்தியிலா, நிஜமாகவே உறைத்துவிட்டதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது.

திட்டி முடித்ததும் மூர்த்தி வேப்பங்கொத்தைக் கீழே இறக்கினார். மூச்சு வாங்கியது. "ரொம்ப பேசிட்டனா சார்?" என்று பழைய குரலில் கேட்டார்.

"லேதண்ணா. நல்லா இருந்துச்சி" என்றார் சுதாகர். வேப்பிலை ஒன்றைக் கேட்டு வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சோபாவில் இருந்த மொட்டைத் தலைப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். அவருக்கு யாரோ விஷயத்தை விளக்கியிருக்கிறார்கள். "சாமி, எங்க குடும்பத்தையும் கொஞ்சம் திட்டிட்டுப் போங்க" என்று வரிசையில் நின்றார். மூர்த்தி அவரைப் பார்த்து, "சோம்பேறி" என்றார். அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

உப்பு ஜாடி மாடம்

எல்லாம் சரி, ரூம்? ரூம் இன்னும் இல்லைதான். கம்ப்யூட்டருக்கு ஏது பக்தி?

மாடிப்படியிலிருந்து ராணியக்கா துடைப்பத்தோடு இறங்கி வந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். முகத்தில் அப்படி ஒரு பெருமை, பிள்ளை பரீட்சையில் பாஸானது மாதிரி. "ரூமு யாருக்குடி வோணும்? எம் பின்னால வா" என்றாள்.

சுதாகர் எங்களைப் பார்க்கவில்லை. திடீரென்று மீன் தொட்டியில் அவருக்கு ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. மீன்களை எண்ணிக்கொண்டு நின்றார்.

கீழ்த்தளத்தில் கடைசியாக, பெட்ஷீட்டும் டவலும் அடுக்கி வைக்கும் ஸ்டோர் ரூம். விளக்கைப் போட்டாள். எங்கே பார்த்தாலும் வெள்ளைத் துணி. சோப்பு வாசனை.

"தெரியுதா?" என்றாள்.

தெரியவில்லை. அப்புறம் பின்சுவரைப் பார்த்தேன். பக்கத்துக் கட்டடத்தோடு ஒட்டிய பொதுச்சுவர் என்பதால் அதை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். புதிதாக வெள்ளை அடித்திருந்தது. இடுப்புயரத்தில் ஒரு சின்ன மாடம். அதில் ராணியக்காவின் போன் சார்ஜர் இருந்தது.

நான் உப்பு ஜாடி வைத்த மாடம் அது. அடுப்பு மேலே லிஃப்ட் வைத்துவிட்டார்கள் என்று இந்த மனுஷன் இரைந்தாரே, லிஃப்டும் இல்லை, ஒன்றும் இல்லை. என் சமையற்கட்டு அங்கேதான் இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஃபிளாட்டோடு சமாதானமாகிவிட்டேன் என்று சொன்னேன் அல்லவா, அந்தச் சமாதானமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. பெட்ஷீட் கட்டின் மேல் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். ராணியக்கா ஒரு டவலை எடுத்துக் கொடுத்தாள். "நல்லா அழு. தொவைக்கறது நாந்தான்" என்றாள்.

மூர்த்தி போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கீழே உட்கார்ந்தார். காலையில் நான் அடுப்பில் காபி போடும்போது அவர் அப்படித்தான், அதே இடத்தில் உட்கார்ந்திருப்பார். இப்போது காபி இல்லை. ராணியக்கா பொட்டலத்தில் புளிசாதம் வைத்திருந்தாள். மூன்று பேரும் பங்கிட்டுத் தின்றோம். அவளும் அன்றைக்குச் சந்திரகிரி பஸ்ஸைப் பிடிக்கவில்லை.

"நீயும் ஊர்க்காரிதானே அக்கா, நீ இத்தன ராத்திரி எங்க படுத்த?" என்று கேட்டேன்.

"இங்கதான்டி. சாட்டிம்பு அன்னிலேர்ந்து. நீ கேக்கவே இல்லியே" என்றாள்.

ஜாத்திரை முடிகிற வரை மூன்று பேரும் அங்கேயே படுத்தோம். கம்ப்யூட்டரில் எங்கள் பெயர் ஏறவே இல்லை. கடைசி நாள் காலையில் பெங்களூரிலிருந்து போன் வந்தது. பேத்தி. தாயும் சேயும் சௌக்கியம். மூர்த்தி லாட்ஜ் முழுக்க லட்டு வாங்கிக் கொடுத்தார். சுதாகருக்கு இரண்டு. ராணியக்காவும் இந்த முறை தின்றாள்.

முதுகு

விஷயம் அதோடு முடியவில்லை.

பண்ட வேஷத்தன்று மூர்த்தி சாய்ந்து உட்கார்ந்தார் அல்லவா, அப்படியே தூங்கியும்விட்டார். காலையில் எழுந்தபோது வெள்ளைச் சுவரில் அவர் முதுகு அப்படியே பதிந்திருந்தது. இரண்டு தோள்பட்டை, நடுவில் முதுகெலும்பு, எல்லாம் செக்கச்செவேல் என்று. நான் ஈரத்துணியை எடுத்தேன். சுதாகர் ஓடி வந்து தடுத்துவிட்டார். ஜாத்திரை முடிகிற வரைக்கும் வேஷக் குங்குமத்தைத் துடைக்கக் கூடாது என்றார்.

ஜாத்திரை முடிந்தது. அப்புறமும் யாரும் துடைக்கவில்லை. கொஞ்ச மாதம் கழித்து லாட்ஜ் முழுக்கப் பெயிண்ட் அடித்தபோது, பெயிண்டர் அந்த இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு போய்விட்டாராம். மாடத்தில் இப்போது சார்ஜர் இல்லை, அகல் விளக்கு இருக்கிறது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்த விஜயவாடாப் பெண் பூ வைக்கிறாள் என்று ராணியக்கா போனில் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

போன வாரம் என் பெண் பேத்தியோடு வந்திருந்தாள். வந்த இடத்தில் சும்மா இருக்காமல் எங்கள் காகிதங்களையெல்லாம் ஒழுங்குபடுத்த உட்கார்ந்தாள். ஆதாரைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா இது, இன்னும் பழைய அட்ரஸே இருக்குது? அங்க நம்மளது இன்னா இருக்குது? குடு, ஆன்லைன்ல மாத்திடறேன்" என்றாள்.

மூர்த்தி பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு பால்கனிக் காற்றில் உட்கார்ந்திருந்தார். அட்டையை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"எம் முதுகு இன்னும் அங்கதாம்மா இருக்குது" என்றார்.